நீதிபதி நியமனத்துக்கு அமெரிக்காவில் ஏன் இத்தனை சண்டை?

1986 செப்டம்பரில் ஆன்டனின் ஸ்கலியாவை உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமிக்க அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் ஒப்புதல் தந்தது. ஆதரவு 98, எதிர்ப்பு 0. அவர் எவ்வளவு தீவிரமான பழமைவாதி என்பது அன்றைக்கே எல்லோருக்கும் தெரியும். கொள்கையில் அவருக்கு நேரெதிராக நின்ற ஜனநாயகக் கட்சிக்காரர்களும் சேர்ந்துதான் ஓட்டுப் போட்டார்கள்.

2020 அக்டோபரில் ஏமி கோனி பாரெட்டின் முறை வந்தது. இளம் வயதில் அதே ஸ்கலியாவிடம் சட்ட உதவியாளராக வேலை பார்த்தவர். சட்டத்தை வாசிக்கும் விதத்தில் ஸ்கலியாவின் வழியே தன் வழி என்று வெளிப்படையாகச் சொன்னவர். அவருக்கு ஆதரவு 52, எதிர்ப்பு 48. ஜனநாயகக் கட்சியிலிருந்து ஒரு ஓட்டுகூட விழவில்லை.

ஒரே சிந்தனைப் பள்ளி, ஒரே நீதிமன்றம். நடுவில் 34 ஆண்டுகள். இந்த 34 ஆண்டுகளில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால், அமெரிக்க நீதிபதி நியமனம் பற்றி வரும் செய்திகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

முதலில் அடிப்படை.

அமெரிக்காவில் இரண்டு வகை நீதிமன்றங்கள் உண்டு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் சொந்தமான நீதிமன்றங்கள் ஒரு வகை. அங்கே பல மாநிலங்களில் நீதிபதிகளை மக்களே தேர்தலில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இன்னொன்று ஒன்றிய அரசின் நீதிமன்றங்கள், அதாவது ஃபெடரல் நீதிமன்றங்கள். நாம் பேசப்போவது இவற்றைப் பற்றி. இதில் மூன்று படிகள். கீழே 94 மாவட்ட நீதிமன்றங்கள். அவற்றில் 670-க்கும் மேற்பட்ட நீதிபதி இடங்கள். நடுவில் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், 179 இடங்கள். உச்சியில் உச்ச நீதிமன்றம், 9 பேர்.

இந்த நீதிபதிகள் எப்படி வருகிறார்கள் என்று அரசமைப்புச் சட்டம் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறது: அதிபர் பெயரை முன்மொழிவார், செனட்டின் 'ஆலோசனையோடும் ஒப்புதலோடும்' நியமிப்பார். அவ்வளவுதான். செனட் எத்தனை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும், விசாரணை நடத்தியாக வேண்டுமா, பெயரைக் கண்டுகொள்ளாமலே விட்டுவிடலாமா என்பதெல்லாம் அதில் இல்லை. இன்றைக்கு நாம் பார்க்கும் நடைமுறை முழுவதும் செனட்டின் உள்விதிகளும், காலங்காலமாக வந்த வழக்கங்களும் சேர்ந்து உருவாக்கியவை. வழக்கத்தை மீறினால் தண்டிக்க யாரும் கிடையாது. இந்தச் சண்டைகள் எல்லாம் முளைப்பது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

இன்னொரு அடிப்படை விஷயம், பதவிக் காலம். 'நன்னடத்தை' உள்ளவரை பதவி என்கிறது அரசமைப்புச் சட்டம். நடைமுறையில் அதற்குப் பொருள் ஆயுள் முழுக்க. ஓய்வு வயது இல்லை. பதவியில் இருக்கும்வரை சம்பளத்தைக் குறைக்க முடியாது. தகுதிநீக்கத் தீர்மானம் கொண்டுவந்து நீக்கலாம். ஆனால் அமெரிக்க வரலாறு முழுக்க அப்படிப் பதவி இழந்த ஃபெடரல் நீதிபதிகள் 8 பேர்தான். அதிபர் நான்கு ஆண்டு, மிஞ்சினால் எட்டு ஆண்டு இருப்பார். அவர் போட்ட நீதிபதி முப்பது, நாற்பது ஆண்டுகள் இருப்பார். கிளாரன்ஸ் தாமஸ் 1991-ல் 43 வயதில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார். அவரை முன்மொழிந்த ஜார்ஜ் புஷ், மூத்தவர், 1993-லேயே பதவியிலிருந்து இறங்கிவிட்டார். தாமஸ் இன்னும் அங்கே இருக்கிறார்.

சண்டை என்றதும் எல்லோர் கண்ணும் உச்ச நீதிமன்றத்தின் மேல்தான் போகும். கீழே உள்ள நீதிமன்றங்களும் அதே அளவு முக்கியம் என்று நான் சொல்வேன். உச்ச நீதிமன்றம் ஒரு ஆண்டில் முழுமையாகக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் வழக்குகள் அறுபது, எழுபது அளவில் இருக்கும். மேல்முறையீட்டு நீதிமன்றங்களோ ஆயிரக்கணக்கில் முடித்துவைக்கின்றன. பெரும்பாலான மக்களுக்கு அதுவே கடைசி வாசல். கேத்ரின் மிசெல் என்ற வழக்கறிஞரை 2020-ல் ஃபுளோரிடாவின் மாவட்ட நீதிமன்றம் ஒன்றுக்கு டிரம்ப் முன்மொழிந்தபோது அவருக்கு வயது 33. போதிய அனுபவம் இல்லை என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 'தகுதியில்லை' என்ற மதிப்பீடு கொடுத்தது. டிரம்ப் தேர்தலில் தோற்றுப்போன பிறகு, அந்த நவம்பரில் செனட் அவருக்கு ஒப்புதல் கொடுத்தது. 2022 ஏப்ரலில், விமானங்களிலும் ரயில்களிலும் முகக்கவசம் கட்டாயம் என்ற ஒன்றிய அரசின் உத்தரவை நாடு முழுவதற்கும் ரத்து செய்தது அவர் எழுதிய தீர்ப்புதான். மாவட்ட நீதிபதிகள் இப்படி நாடு முழுக்கச் செல்லும் தடை உத்தரவு போடுவதற்கு 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் பெரிய கடிவாளம் போட்டது, அது தனிக் கதை. ஒரு கீழ் நீதிமன்ற இருக்கை எவ்வளவு தூரம் கை நீட்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சரி, ஒரு பெயர் நீதிபதி ஆவதற்குள் எந்த வழியெல்லாம் கடந்து வருகிறது?

ஓர் இடம் காலியாகிறது. வெள்ளை மாளிகையின் வழக்கறிஞர்கள் பெயர்களைத் தேடுகிறார்கள். எஃப்.பி.ஐ. பின்னணியை அலசுகிறது. அதிபர் பெயரை அறிவித்து செனட்டுக்கு அனுப்புகிறார். அங்கே நீதித்துறைக் குழு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, ஆவணங்களைக் கேட்டு வாங்கி, நேரில் வரவழைத்துப் பகிரங்கமாக விசாரிக்கிறது. பிறகு குழுவில் ஓட்டெடுப்பு. அங்கிருந்து முழு அவைக்கு வந்து விவாதம், கடைசியாக 100 செனட்டர்களின் ஓட்டு. பாதிக்கு மேல் கிடைத்தால் போதும்; சரிபாதியாக வந்து நின்றால் துணை அதிபர் ஓட்டுப் போட்டுத் தீர்க்கலாம்.

கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு படியிலும் நிறுத்திவைக்க வழி உண்டு. குழுத் தலைவர் விசாரணைக்குத் தேதி குறிக்காமல் விடலாம். பெரும்பான்மைக் கட்சித் தலைவர் அவைக்கே கொண்டுவராமல் விடலாம். ஒரு பெயரை ஓட்டுப் போட்டுத் தோற்கடித்தால் யார் தோற்கடித்தார்கள் என்பது பதிவாகிவிடும், அடுத்த தேர்தலில் பதில் சொல்ல வேண்டும். கிடப்பில் போட்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதனால் அண்மைக் கால வரலாற்றில் நீதிபதி பதவிக்கு முன்மொழியப்பட்டவர்கள் ஓட்டில் தோற்றதைவிடக் காத்திருந்தே தோற்றது அதிகம்.

இரண்டு பெயர்களைப் பாருங்கள். 1992-ல் மூத்த புஷ், ஜான் ராபர்ட்ஸ் என்ற இளம் வழக்கறிஞரை வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். செனட் ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தது. விசாரணையே நடக்கவில்லை, ஆண்டு முடிந்தது, பெயர் காலாவதி ஆனது. 1999-ல் பில் கிளின்டன் அதே நீதிமன்றத்துக்கு எலினா கேகனை முன்மொழிந்தார். இப்போது செனட் குடியரசுக் கட்சியின் கையில். அவருக்கும் விசாரணை இல்லை, அவர் பெயரும் காலாவதி. இன்றைக்கு ராபர்ட்ஸ் உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி, கேகன் அங்கே சக நீதிபதி. அவர்கள் இருவருக்கும் இரண்டாவது வாய்ப்பு வந்தது. பலருக்கு வரவில்லை. ரிச்சர்ட் பாயெஸ் என்ற நீதிபதி 1996 ஜனவரியில் முன்மொழியப்பட்டு 2000 மார்ச்சில் ஒப்புதல் பெற்றார், நான்கு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து.

'நீலத் தாள்' என்ற வழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1917 வாக்கிலிருந்து இருக்கிறது. எந்த மாநிலத்தில் நீதிபதி இடம் காலியோ, அந்த மாநிலத்தின் இரண்டு செனட்டர்களுக்கும் நீதித்துறைக் குழு நீல நிறத் தாள் ஒன்றை அனுப்பி அபிப்பிராயம் கேட்கும். தாளைத் திருப்பி அனுப்பாவிட்டால் எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அந்தப் பெயர் அங்கேயே நின்றுவிடும். சட்டத்தில் இதற்கு இடமே கிடையாது. குழுத் தலைவர் மதித்தால் உண்டு, மதிக்காவிட்டால் இல்லை. டிரம்ப்பின் முதல் ஆட்சிக் காலத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்கு இதைப் பொருட்படுத்துவதில்லை என்று குடியரசுக் கட்சி முடிவெடுத்தது. அப்புறம் பைடன் காலத்தில் ஜனநாயகக் கட்சியும் அதையே பின்பற்றியது. மாவட்ட நீதிபதிகளுக்கு மட்டும் இன்னும் நீலத் தாள் செல்லுபடியாகிறது. 2025-ல் டிரம்ப் அதையும் ஒழிக்கச் சொன்னார். அவர் கட்சியைச் சேர்ந்த குழுத் தலைவர் சக் கிராஸ்லியே சம்மதிக்கவில்லை. அந்த ஒரு வழக்கமாவது இதுவரை தப்பியிருப்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

நீதிபதி நியமனம் அரசியலானது இப்போதுதான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஜார்ஜ் வாஷிங்டன் காலத்திலேயே, 1795-ல், ஜான் ரட்லெட்ஜைத் தலைமை நீதிபதியாக ஏற்க முடியாது என்று செனட் 14-க்கு 10 என்ற கணக்கில் நிராகரித்தது. பிரிட்டனோடு செய்துகொண்ட ஒப்பந்தம் ஒன்றை அவர் மேடையில் கடுமையாகத் தாக்கிப் பேசியது முக்கியக் காரணம். 1916-ல் லூயிஸ் பிராண்டைஸ் பெயர் வந்தபோது பெரு நிறுவனங்கள் கொதித்தன. அவர் யூதர் என்பதும் பலருக்கு உறுத்தியது. நான்கு மாதம் இழுத்தடித்து 47-க்கு 22 என்று ஒப்புதல் கிடைத்தது. உச்ச நீதிமன்ற நியமனத்துக்குப் பகிரங்க விசாரணை முதன்முதலில் நடந்தது அப்போதுதான்.

1967-ல் தர்குட் மார்ஷல். உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனவர். பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழித்த வழக்கை வாதாடி வென்றவர். அப்படிப்பட்டவரிடம் தெற்கு மாநில செனட்டர்கள் நூறு ஆண்டு பழைய சட்டத் திருத்தங்களின் நுணுக்கங்களைக் கேட்டு, பள்ளிப் பிள்ளையிடம் கேட்பதுபோல் மடக்கப் பார்த்தார்கள். அதைப் படிக்கும்போது இன்றைக்கும் கோபம் வருகிறது. 69-க்கு 11 என்று அவர் வென்றார்.

ஆகவே பழைய காலம் பொற்காலம் இல்லை. ஆனால் அன்றைய சண்டைகள் கட்சிக் கோட்டின்படி நடக்கவில்லை. இரண்டு கட்சிகளிலும் தாராளவாதிகள் இருந்தார்கள், பழமைவாதிகளும் இருந்தார்கள். மார்ஷலை எதிர்த்தவர்களில் பெரும்பாலோர், அவரை முன்மொழிந்த அதிபர் லிண்டன் ஜான்சனின் சொந்தக் கட்சியைச் சேர்ந்தவர்கள்.

பலரும் திருப்புமுனையாகச் சொல்வது 1987. நானும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் காரணத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டு லூயிஸ் பவல் ஓய்வு பெற்றார். உச்ச நீதிமன்றத்தில் இரு தரப்புக்கும் நடுவில் நின்று பல வழக்குகளில் முடிவைத் தீர்மானித்தவர். அந்த இடத்துக்கு ரொனால்ட் ரேகன் முன்மொழிந்தது ராபர்ட் போர்க்கை. பேராசிரியர், மேல்முறையீட்டு நீதிபதி, கூர்மையான அறிவாளி. அவருடைய சட்ட ஞானத்தை எதிரிகளும் குறை சொல்லவில்லை. அவர் எழுதிவைத்தவைதான் பிரச்சினை ஆயின. தனியார் கடைகளும் உணவகங்களும் கறுப்பினத்தவரை அனுமதித்தே ஆகவேண்டும் என்ற மசோதாவை 1963-ல் எதிர்த்து எழுதியிருந்தார், பின்னாளில் அந்தக் கருத்தைக் கைவிட்டாலும். அந்தரங்க உரிமை என்று ஒன்றை நீதிமன்றம் கண்டெடுத்ததே தவறு என்று வாதிட்டிருந்தார். கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பு அந்த அந்தரங்க உரிமையின் மேல்தான் நின்றது.

பெயர் அறிவித்த ஒரு மணி நேரத்துக்குள் ஜனநாயகக் கட்சி செனட்டர் எட்வர்ட் கென்னடி அவையில் எழுந்து, போர்க் வந்தால் அமெரிக்கா எப்படி ஆகும் என்று ஒரு பயங்கரச் சித்திரத்தைத் தீட்டினார். அதில் மிகை இருந்தது. அமைப்புகள் தொலைக்காட்சியில் விளம்பரம் கொடுத்தன. ஒரு பத்திரிகை அவர் குடும்பம் வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டுகளின் பட்டியலைக்கூட வெளியிட்டது. (அதில் பரபரப்பாக எதுவும் இல்லை. ஆனால் நாளைக்கு நம் பட்டியலும் வெளிவரலாமே என்ற கவலையில், வீடியோ வாடகை விவரங்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே 1988-ல் வந்தது.) விசாரணையில் போர்க் ஐந்து நாள் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் மனதில் உள்ளதைப் பேராசிரியர் மாதிரி விளக்கிச் சொன்னார். முடிவு: ஆதரவு 42, எதிர்ப்பு 58. கடைசியில் அந்த இடத்துக்கு வந்த ஆன்டனி கென்னடிக்கு 97-க்கு 0 என்று ஒப்புதல் கிடைத்தது.

இதிலிருந்து இரண்டு தரப்பும் பாடம் கற்றன. குடியரசுக் கட்சியினருக்கு இது ஆறாத காயம். தகுதி உள்ள ஒருவரை அவருடைய கருத்துக்காக வீழ்த்திவிட்டார்கள் என்பது அவர்கள் வழக்கு. எதிர்த்தவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது: முப்பது ஆண்டு பதவியில் இருந்து கோடிக்கணக்கானவர்களின் உரிமையைத் தீர்மானிக்கப்போகும் ஒருவர் என்ன நினைக்கிறார் என்று கேட்காமல் வேறு எதைக் கேட்பது? நான் இந்தக் கேள்வியில் எதிர்த்தவர்கள் பக்கம். மிகைப்படுத்தல் தவறு, கருத்தைக் கேட்டது தவறில்லை.

ஆனால் வேட்பாளர்கள் கற்ற பாடம்தான் நீண்ட காலம் நிலைத்துவிட்டது: வாயைத் திறக்காதே. 1993-ல் ரூத் பேடர் கின்ஸ்பர்க், வரக்கூடிய வழக்குகளைப் பற்றித் தான் எந்தக் குறிப்பும் தரப்போவதில்லை, எந்த முன்னறிவிப்பும் தரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். (அவர் அந்த விசாரணையில் கருக்கலைப்பு உரிமை பற்றிப் பேசவே செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.) பின்னால் வந்த எல்லோரும் அதையே கேடயமாக்கிக்கொண்டார்கள். இன்றைய விசாரணைகளைப் பார்த்தால், செனட்டர்கள் தொலைக்காட்சிக்காகப் பேசுகிறார்கள், அமர்ந்திருப்பவர் 'அந்த விவகாரம் என் முன் வழக்காக வரக்கூடும், அதனால் பதில் சொல்ல இயலாது' என்று மறுபடி மறுபடி சொல்கிறார். மணிக்கணக்கில் பார்த்தாலும் நீதிபதியைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரிந்துகொள்ள முடிவதில்லை.

கருத்து மட்டுமல்ல, நடத்தை பற்றிய குற்றச்சாட்டுகளும் அந்த மேசைக்கு வந்திருக்கின்றன. 1991-ல் தாமஸ் தன்னிடம் பாலியல் ரீதியாகத் தகாத முறையில் பேசினார் என்று, முன்பு அவரிடம் வேலை பார்த்த அனிட்டா ஹில் சாட்சியம் சொன்னார். எதிரே இருந்த குழுவில் 14 பேர், அத்தனை பேரும் ஆண்கள். தாமஸ் மறுத்தார். 52-க்கு 48 என்று ஒப்புதல் பெற்றார். ஹில்லை அவர்கள் கேள்வி கேட்ட விதம் நாடெங்கும் பெண்களைக் கொதிக்க வைத்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் நான்கு பெண்கள் புதிதாக செனட்டுக்கு வந்தார்கள். 2018-ல் பிரெட் கவனா மீது கிறிஸ்டின் பிளேசி ஃபோர்ட் சொன்ன குற்றச்சாட்டும் இதே பாதையில் போனது. கவனாவும் மறுத்தார், 50-க்கு 48 என்று ஒப்புதல் பெற்றார்.

இனி ஃபிலிபஸ்டர். இதைப் புரிந்துகொண்டால் மீதிக் கதை சுலபம்.

செனட்டில் விவாதத்தை முடித்து ஓட்டுக்குப் போக 60 பேர் சம்மதம் வேண்டும் என்பது நீண்ட நாள் விதி. நீதிபதியை ஏற்க 51 போதும்; ஆனால் அந்த ஓட்டெடுப்புக்குப் போய்ச் சேரவே 60 தேவை. ஆக 41 பேர் சேர்ந்தால் விவாதத்தை முடிவில்லாமல் நீட்டி யாரையும் தடுக்கலாம். இதற்குத்தான் ஃபிலிபஸ்டர் என்று பெயர். இந்த அதிகாரம் இருந்தும் நீதிபதிகள் விஷயத்தில் அதை அதிகம் பயன்படுத்தாமல் இருந்தார்கள். அந்தத் தயக்கம் இளைய புஷ் காலத்தில் உடைந்தது. 2001-ல் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட மிகேல் எஸ்ட்ராடாவை ஜனநாயகக் கட்சி தடுத்தது. விவாதத்தை முடிக்க ஏழு முறை ஓட்டெடுப்பு நடந்தும் 60 கிடைக்கவில்லை. 2003 செப்டம்பரில் அவரே விலகினார். இன்னும் சிலரையும் இப்படித் தடுத்தார்கள். குடியரசுக் கட்சி விதியையே மாற்றப்போவதாக மிரட்டியது. 2005 மே மாதம் இரு கட்சியிலிருந்தும் ஏழேழு பேர், ஆக 14 செனட்டர்கள், தனியாகக் கூடிப் பேசி, 'அசாதாரணச் சூழலில்' மட்டுமே ஃபிலிபஸ்டர் என்று ஒரு சமரசத்தைக் கொண்டுவந்தார்கள். அது சில ஆண்டுகள் தாக்குப்பிடித்தது.

பராக் ஒபாமா காலத்தில் கதை அப்படியே திரும்பியது. டி.சி. நீதிமன்றம் அரசு அமைப்புகளின் விதிகளைப் பரிசீலிக்கும் இடம் என்பதால் உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த முக்கியத்துவம் அதற்கு உண்டு. அங்கே ஒபாமா முன்மொழிந்த கெய்ட்லின் ஹாலிகனைக் குடியரசுக் கட்சி தடுத்தது. 2013-ல் அவர் விலகினார். அதே ஆண்டு மே மாதம் அதே நீதிமன்றத்துக்கு ஸ்ரீ சீனிவாசன் 97-க்கு 0 என்று தேர்வானார். திருநெல்வேலி அருகே பூர்வீகம் கொண்ட தமிழ்க் குடும்பத்தவர். ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றில் அமர்ந்த முதல் தெற்காசிய வம்சாவளியினர். கட்சி பாராமல் செனட் முழுவதும் ஒன்றுபட்ட அரிய தருணம் அது. அது நீடிக்கவில்லை. அந்த நீதிமன்றத்தில் மீதியிருந்த மூன்று காலி இடங்களுக்கு ஒபாமா மூன்று பெயர்களை அனுப்பினார். அங்கே வேலை குறைவு, இத்தனை நீதிபதிகள் தேவையில்லை என்று சொல்லி மூவரையும் குடியரசுக் கட்சி தடுத்தது. தகுதி பற்றிப் பேச்சே இல்லை. ஒபாமா யாரை அனுப்பினாலும் வேண்டாம் என்பதே அதன் பொருள்.

2013 நவம்பர் 21 அன்று ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட், 'அணு ஆயுதம்' என்று செனட்டில் பெயர் பெற்ற வழியைக் கையில் எடுத்தார். விதியைத் திருத்துவது கடினம், அதற்கு இன்னும் அதிக ஓட்டு வேண்டும். ஆனால் விதிக்கு என்ன அர்த்தம் என்று அவைத்தலைவர் சொல்வதை மறுக்க, சாதாரணப் பெரும்பான்மை போதும். அவைத்தலைவர் '60 வேண்டும்' என்றார். ரீட் மேல்முறையீடு செய்தார். 52 பேர் 'அது தவறு' என்று ஓட்டுப் போட்டார்கள். விதிப் புத்தகத்தில் ஓர் எழுத்தும் மாறாமல், அந்த நிமிடத்திலிருந்து கீழ் நீதிமன்றங்களுக்கு 51 போதும் என்றானது. உச்ச நீதிமன்றத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். இதற்காக வருந்துவீர்கள், நினைப்பதைவிடச் சீக்கிரமாகவே வருந்துவீர்கள் என்றார் எதிர்க்கட்சித் தலைவர் மிட்ச் மெக்கானல்.

2015-ல் மெக்கானல் பெரும்பான்மைத் தலைவர் ஆனார். 2016 பிப்ரவரி 13 அன்று ஸ்கலியா காலமானார். அன்று மாலையே மெக்கானல் சொல்லிவிட்டார்: இது தேர்தல் ஆண்டு, இந்த இடத்தை அடுத்த அதிபர் நிரப்பட்டும். தேர்தலுக்கு இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. ஒபாமா மெரிக் கார்லண்டை முன்மொழிந்தார். 63 வயது, மிதவாதி, டி.சி. நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. விசாரணை இல்லை, ஓட்டு இல்லை. 293 நாள் கழித்து அந்தப் பெயர் காலாவதி ஆனது. இடையில் உச்ச நீதிமன்றம் எட்டுப் பேரோடு ஓடியது. சட்டப்படியான ஆவணமில்லாமல் வாழும் லட்சக்கணக்கான குடியேறிகளைப் பாதுகாக்க ஒபாமா கொண்டுவந்த திட்டம் குறித்த வழக்கில் 4-க்கு 4 என்று சமமாகி, கீழ் நீதிமன்றத்தின் தடை அப்படியே நின்றது. காலி நாற்காலியும் தீர்ப்பு எழுதும் என்பதற்கு அந்தக் குடும்பங்களே சாட்சி.

2017 ஏப்ரலில் அந்த இடத்துக்கு, புதிய அதிபர் டிரம்ப் முன்மொழிந்த நீல் கோர்சச் வந்தார். ஜனநாயகக் கட்சி ஃபிலிபஸ்டர் செய்தது. மெக்கானல் ரீட் காட்டிய அதே வழியில் உச்ச நீதிமன்றத்துக்கும் 60 என்ற தேவையைத் தூக்கினார். கோர்சச்சுக்கு 54-க்கு 45.

அப்புறம் 2020. செப்டம்பர் 18 அன்று கின்ஸ்பர்க் காலமானார். தேர்தலுக்கு ஏழு வாரம்கூட இல்லை. நான்கு ஆண்டுக்கு முன் சொன்ன நியாயப்படி காத்திருக்க வேண்டும். 2016-ல் செனட்டும் அதிபரும் வெவ்வேறு கட்சி, இப்போது ஒரே கட்சி, ஆகவே இது வேறு என்றார் மெக்கானல். குடியரசுக் கட்சி செனட்டர் லிண்ட்ஸி கிரகாம் 2016-ல், குடியரசுக் கட்சி அதிபர் ஒருவருக்கு இதே நிலை வந்தால் என் வார்த்தையை எனக்கெதிராகவே பயன்படுத்துங்கள் என்று சொன்னவர். 2020-ல் பாரெட்டின் விசாரணைக்குத் தலைமை தாங்கியது அவர்தான். தேர்தலுக்கு எட்டு நாள் இருக்கும்போது பாரெட் ஒப்புதல் பெற்றார். கோடிக்கணக்கானோர் முன்கூட்டியே ஓட்டுப் போட்டு முடித்திருந்தார்கள். 2022 ஜூன் 24 அன்று கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, ரத்து செய்த ஐந்து பேரில் கோர்சச், கவனா, பாரெட் மூவரும் இருந்தார்கள். கார்லண்டின் இடமும் கின்ஸ்பர்க்கின் இடமும் வேறு கைக்குப் போயிருந்தால் அந்தத் தீர்ப்பு வந்திருக்காது.

யார் ஆரம்பித்தது என்று கேட்டால் ஒவ்வொரு கட்சியும் ஒவ்வோர் ஆண்டைச் சொல்லும். குடியரசுக் கட்சி 1987 என்கும், எஸ்ட்ராடா என்கும், 2013 என்கும். ஜனநாயகக் கட்சி பாயெஸ் காத்திருந்த நான்கு ஆண்டைச் சொல்லும், கார்லண்டைச் சொல்லும். இரு தரப்பும் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் எல்லாம் ஒரே எடை என்று நான் சொல்லமாட்டேன். விசாரித்து, ஓட்டுப் போட்டு, பெயர் பதிய நிராகரிப்பது செனட்டின் உரிமை. போர்க்குக்கு நடந்தது அது. விசாரிக்கவே மறுப்பது கடமையிலிருந்து நழுவுவது.

இதனால் நீதிபதிகள் ஓய்வு பெறும் முறையே மாறிவிட்டது. தன்னை நியமித்த கட்சியின் கையில் வெள்ளை மாளிகையும் செனட்டும் இருக்கும் நேரம் பார்த்து விலகுகிறார்கள். 2018-ல் ஆன்டனி கென்னடியின் ஓய்வும் 2022-ல் ஸ்டீபன் பிரையரின் ஓய்வும் அப்படிப்பட்ட நேரத்தில் வந்தவை. பிரையரின் இடத்துக்கு வந்தவர் கெடான்ஜி பிரவுன் ஜாக்சன், 53-க்கு 47. உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு 18 ஆண்டு என்று கால வரம்பு வைத்தால் ஒவ்வொரு அதிபருக்கும் நான்கு ஆண்டில் இரண்டு இடம் உறுதியாகக் கிடைக்கும், ஒவ்வொரு மரணமும் போர்க்களம் ஆகாது என்று ஒரு யோசனை உண்டு. எனக்கு அது பிடித்த யோசனை. ஆனால் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தாமல் அதைச் செய்ய முடியுமா என்பதில் சட்ட அறிஞர்களிடையே ஒற்றுமை இல்லை. திருத்துவதற்கு வேண்டிய ஆதரவை இன்றைய நிலையில் எந்தக் கட்சியாலும் திரட்ட முடியாது.

கடைசியாக ஒன்று, அதிகம் பேசப்படாதது. ஃபெடரல் மாவட்ட நீதிபதிகளின் எண்ணிக்கையைப் பெரிய அளவில் கூட்டிய கடைசிச் சட்டம் 1990-ல் வந்தது. அதற்குப் பிறகு மக்கள்தொகையும் வழக்குகளும் எவ்வளவோ கூடிவிட்டன. இதைச் சரிசெய்ய 66 புதிய இடங்களை உருவாக்கும் மசோதா ஒன்று 2024-ல் வந்தது. இடங்களை ஒரே தடவையில் திறக்காமல் பத்தாண்டுகளுக்குப் பரப்பி, அடுத்தடுத்து வரும் அதிபர்கள் நிரப்பட்டும் என்று கவனமாக எழுதியிருந்தார்கள். முதல் தொகுதி யார் கைக்குப் போகும் என்று தேர்தலுக்கு முன் யாருக்கும் தெரியாது என்பதே அதன் அழகு. ஆகஸ்டில் செனட் ஒருமனதாக நிறைவேற்றியது. நாடாளுமன்றத்தின் இன்னோர் அவையான பிரதிநிதிகள் சபை, குடியரசுக் கட்சியின் பிடியில், தேர்தல் முடியும்வரை அதைத் தொடவில்லை. டிரம்ப் வென்ற பிறகு டிசம்பரில் நிறைவேற்றியது. ஜனநாயகக் கட்சியில் பலர் அப்போது பின்வாங்கினார்கள். டிசம்பர் 23 அன்று பைடன் தன் தடுப்பதிகாரத்தால் அதை நிறுத்தினார்.

குற்ற வழக்குகளைக் குறித்த காலத்துக்குள் நடத்த வேண்டும் என்று 1974-ன் சட்டம் ஒன்று கட்டாயப்படுத்துகிறது. அதனால் நீதிபதிகள் போதாத மாவட்டங்களில் தள்ளிப்போவது சிவில் வழக்குகள்: வேலையிலிருந்து அநியாயமாக நீக்கப்பட்டவர், போலீஸ் அடித்ததற்கு நியாயம் கேட்பவர், ஊனமுற்றோருக்கான உதவித்தொகை மறுக்கப்பட்டவர். இவர்கள் எந்தக் கட்சி என்று அந்த வரிசை கேட்பதில்லை. அந்த 66 இடங்களும் அந்த ஆண்டு கைகூடாமலே போயின.